எலுமிச்சம்பழம் கேட்ட பேய்

சந்தியாகப்பன் மாமா செத்துப்போன செய்தியைப் போட்ட அரை மணி நேரத்தில் நாலாயிரம் பேர் அழுகிற பொம்மை அனுப்பிவிட்டார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. முழுப்பெயரும் தெரியாது, 'சந்தி அண்ணன்' என்றால்தான் தெரியும். 'பேய்க்கதை மன்னன் மறைந்தார்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். மன்னனாம். அந்த மன்னன் முந்தின நாள்தான் வண்டி இன்சூரன்ஸ் தாள் ஜெராக்ஸில் கோணலாக விழுந்துவிட்டது என்று என் கடையில் நின்று என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்.

நான் நதியா. காவலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 'ஏழாவது வளைவு' என்கிற பேய்க்கதை சேனலை நடத்துகிறவளும் நான்தான். கதை சொல்கிறவர் மாமா, ஃபோனில் பிடித்து, வெட்டி ஒட்டிப் போடுகிறவள் நான். அவர் போன பிறகு ஆளாளுக்கு அவரைப் பற்றி எழுதித் தள்ளுகிறார்கள். நடுராத்திரியில் மலை ரோட்டில் தனியாக வண்டி ஓட்டியவராம். பேயோடு பேசினவராம். ஒரு பேயைக் கூடவே வைத்திருந்தவராம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் யாரைத் திட்டுவது? அந்தக் கடைசிப் பொய்யை முதலில் சொன்னவள் நானேதான். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மாமா கீழ்நாட்டுக்காரர். மலைக்குக் கீழே, சந்தவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். மாதா கோயில் குடும்பம். இருபது வயதில் லாரி கிளீனராக மலையேறியவர், அப்புறம் சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வாங்கி, எங்கள் மலைக்காரர்களுடைய புளியையும் சாமையையும் ஏற்றிக்கொண்டு போய்க் கலசப்பாக்கம் சந்தையில் இறக்குவார். முப்பது வருஷம் அதே வேலை. என் அப்பா சடையனுக்கும் அவருக்கும் மச்சான் முறை வைத்துக் கூப்பிடுகிற பழக்கம், அதனால் எனக்கு மாமா. அவர் மனைவி கிருபாவதி எனக்கு அத்தை. பிள்ளைகள் இல்லை. என் கடைக்கு நேர் எதிரே ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

நடுராத்திரிப் பயணம் என்கிறார்களே, மாமா மாலை ஆறு மணிக்கு மேல் மலையில் வண்டி எடுக்கவே மாட்டார். எந்த அவசரமானாலும் சரி, கீழேயே எங்காவது படுத்துவிட்டு விடிந்த பிறகுதான் வருவார். பேய் பயமா மாமா என்று ஒருமுறை கேட்டேன். "வேதத்துல அசுத்த ஆவி கீதுதான். நம்ம ரோட்ல கீறது பள்ளம்" என்றார். கதையெல்லாம் அவருக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற ஆட்கள் சொன்னது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். ஏழாவது வளைவுக்கு மட்டும் பதினொன்று.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் கதை சொன்னால், கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். சாமைக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருக்கும்போது இரண்டு பேர் பரணில் உட்காருவார்கள். ஒருத்தர் கதை சொல்லுவார், ஒருத்தர் ம் கொட்டுவார். ம் வரவில்லை என்றால் எதிராளி தூங்கிவிட்டான் என்று அர்த்தம், கதையும் அங்கேயே நின்றுவிடும். மாமாவுக்கு இந்தப் பழக்கம் எங்களைவிட முற்றிப்போயிருந்தது. அவருக்கு அத்தையின் ம் மட்டும்தான் ஆகும். என் அப்பா ஒருநாள் ம் கொட்டப் போய், "மச்சான், நீ ம் சொல்றது கொட்டாவி உட்ற மாரி கீது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கொரோனா வந்து வண்டி ஓடாமல் நின்றுபோன பங்குனி மாதம். வீட்டு முன்னால் கொட்டகையில் புளி குவிந்து கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தை ஒரு கல்லின் மேல் புளியை வைத்து, கம்பியால் தட்டித் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். எதிரே மாமா மூட்டையில் சாய்ந்துகொண்டு கதை சொல்லுவார். கடையைத் திறக்க முடியாமல் நானும் அங்கேதான் கிடந்தேன். ஒருநாள் சும்மா ஃபோனை மூட்டை மேல் வைத்துப் பதிவு செய்தேன். போட்டேன். முந்நூறு பேர் கேட்டார்கள். எங்களுக்கு அதுவே பெரிய கூட்டமாகத் தெரிந்தது.

நாலாவது கதைக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'பின்னால ஒரு பொம்பளை குரல் ம்னு சொல்லுதே, யார் அது? டொக் டொக்குன்னு என்னமோ சத்தமும் வருதே?'

என் கை சும்மா இருந்திருக்கலாம். 'எங்களுக்கும் தெரியல. பதிவு பண்ணும்போது அங்க வேற யாரும் இல்ல' என்று எழுதிவிட்டேன். விளையாட்டுக்குத்தான். மறுநாள் பார்த்தால் நாற்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. 'ம் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். ஏழாவது வளைவில் விழுந்து செத்த கர்ப்பிணி என்று யாரோ கதை கட்டினார்கள். டொக் என்பது அவள் குதிகால் சத்தம் என்றான் ஒருவன். பேய்க்கு ஏதுடா குதிகால் என்று இன்னொருவன் அவனோடு மல்லுக்கு நின்றான். படம் வரைந்தார்கள், கறுப்புச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். மாமாவிடம் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் இரண்டு முறை, சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு, "கிருபா பேரையும் போட்ரு நதியா, பாவம் அவளும்தான கூட ஒக்காந்து செய்றா" என்று சொன்னார். பெயர் போட்டால் பயம் போய்விடும் மாமா, கூட்டமும் போய்விடும் என்றேன். வற்புறுத்துகிற ஆள் இல்லை அவர். வற்புறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தையிடம் இருந்தது பட்டன் ஃபோன். சேனல் கீனல் எதுவும் அவருக்குத் தெரியாது. ஏதோ கதையைப் பிடித்து ஊருக்கு அனுப்புகிறாள் என்ற அளவில் விட்டுவிட்டார். ஐந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இந்த மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். சந்தி அண்ணன் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். கடையில் கூட்டமாக இருந்தது, நான் கவனிக்கவில்லை. மாமாவும் வீட்டில் இல்லை. அவர்கள் நேரே போய் அத்தையிடமே, இந்த வீட்டில்தான் அந்தப் பேய் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். எந்தப் பேய் என்று அத்தை விழித்திருக்கிறார். சட்டையிலிருந்த படத்தைக் காட்டி, ஃபோனில் கதையைப் போட்டு, இதோ கேளுங்க, இதோ இதோ என்று ஒவ்வொரு ம்-ஐயும் அவரையே கேட்கவைத்திருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தை ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் நகரும்வரை ஓரமாக நின்றிருந்தார். அப்புறம் கேட்டார்.

"நான் பேயா நதியா?"

சும்மா ஜாலிக்கு அத்தை என்றேன். சிரித்தேன் வேறு. அவர் சிரிக்கவில்லை. மாமாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம், வழக்கம்போல ஃபோனை மூட்டை மேல் வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது மாமா முகம் வாடியிருந்தது. இந்த வாரம் போடாதே, நன்றாக வரவில்லை என்றார். செவ்வாய்க்கிழமை ஜமுனாமரத்தூரில் கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அறுபது வயதுகூட ஆகவில்லை.

அவர் சொந்த ஊரில் அடக்கம் செய்தோம். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, ஒரு வாரம் கழித்துத்தான் அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைக் கேட்கத் தைரியம் வந்தது.

பேய்க்கதைதான். ஆனால் பயமுறுத்துகிற கதை இல்லை. சிரிப்புக் கதை. ஏழாவது வளைவில் ஒரு பேய் லிஃப்ட் கேட்டு ஏறுகிறது, மலை ரோட்டில் அதற்கு வாந்தி வருகிறது. மாமா ஒரு வரி சொல்கிறார். நிறுத்துகிறார். காத்திருக்கிறார். டொக் டொக் என்று கொட்டை எடுக்கிற சத்தம் மட்டும் வருகிறது. ம் வரவில்லை. அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் கோமாளித்தனமாகச் சொல்கிறார். மறுபடியும் காத்திருக்கிறார். கதை முழுக்க இப்படியே. சிரிக்கவைத்துச் சமாதானம் பண்ணப் பார்த்திருக்கிறார் மனுஷர். ம் இல்லாமல் அவர் முழுசாகச் சொன்ன ஒரே கதை அதுதான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டியா கிருபா?" என்கிறார். பதிலுக்கு டொக். டொக். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன். தூங்குகிறவள் புளி தட்டுவாளா? அத்தை விழித்துக்கொண்டுதான் இருந்தார் என்று அவருக்கும் தெரியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஊரிலிருந்து வந்த அன்று அத்தை கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அந்தக் கடைசி கத உன்னாண்ட கீதா?"

இருக்கிறது என்றேன்.

"அன்னிக்கி நான் வாயே தொறக்கல நதியா. ஒரு ம் சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சி பூட்டிருக்கும் எனக்கு? நாலு நாள் பேசாம கெடந்தேன். அந்த மனுசன் அப்டியே போய்ட்டாரு."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பழைய கதைகளிலிருந்து அத்தையின் ம்களை வெட்டி எடுத்து, அந்தக் கதையின் இடைவெளிகளில் ஒட்டினேன். நன்றாகவே பொருந்தியது. மறுநாள் கூப்பிட்டு, பாருங்கத்தை, நீங்க சொல்லித்தான் இருக்கீங்க என்று போட்டுக் காட்டினேன். மூன்றாவது ம்-இலேயே கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது ஆலங்கட்டி மழ பேஞ்சிதே, அன்னிக்கி சொன்னது. எனக்கு அன்னிக்கி சளி. பொய் ம் வாணாம்."

என்னிடம் இருந்த சாமர்த்தியமெல்லாம் அத்தோடு தீர்ந்தது. ஐந்து வருஷத்தில் சொன்ன ஒவ்வொரு ம்-மும் எந்தக் கதைக்கு, எந்த நாளைக்கு என்று அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நான் அதைப் பேய் என்று விற்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அத்தை திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. வரப்போகிற பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அந்தக் கதையைப் போடு, நானும் உட்காருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகள் என்று அவர் சொன்னது ரசிகர்களை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவலூரில் நினைவுக்கூட்டம் என்று முடிவு செய்திருந்தார்கள். திருப்பத்தூர் வெற்றிச்செல்வன்தான் தலைமை. ஏழாவது வளைவிலேயே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மெழுகுவத்தி கொளுத்தி நடத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். கடைசி பஸ் போய்விட்டால் அறுபது பேருக்கும் உன் மாமியாரா பாய் விரிப்பாள் என்று கேட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, மாமா வீட்டுக் கொட்டகையில் என்று ஒப்புக்கொண்டான்.

வந்தார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை. வெற்றிச்செல்வன் ஒரு ஃபிளெக்ஸ் கொண்டுவந்து வாசலிலேயே கட்டிவிட்டான். ஒரு பக்கம் மாமா படம், மறுபக்கம் முடியை விரித்துப் போட்டு, கண்ணில் ரத்தம் வழிய அழுகிற ம் அக்கா. அதை அவிழ்க்கச் சொல்லி நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அத்தை வெளியே வந்துவிட்டார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு இவ்வளவு முடி ஏது என்றார். வெற்றிச்செல்வனுக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் அவர்கள் பேசினார்கள். கேலி பண்ணத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன், முடியவில்லை. வேலூரிலிருந்து அருணா என்று ஒரு நர்ஸ் பெண் வந்திருந்தாள். அவள் அப்பா கிடையில் விழுந்த வருஷம், ராத்திரி முழுக்க அவருக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டியிருந்ததாம். ஒரு காதில் சந்தி அண்ணன் கதையை மாட்டிக்கொள்வாளாம். "கதைகூட அப்புறம்தான். அந்த ம் வரும்போதெல்லாம், நம்மகூட இன்னொருத்தரும் முழிச்சிட்டிருக்காங்கன்னு இருக்கும்" என்றாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. எழுந்து சொன்னேன். ம் அக்கா என்று யாரும் இல்லை, நான் சொன்னது பொய், ம் சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கிற கிருபாவதி அத்தை, மாமாவின் மனைவி, டொக் என்பது புளிக்கொட்டை. மாமா உண்மையைச் சொல்லச் சொல்லி இரண்டு முறை கேட்டார், நான்தான் மாட்டேன் என்றேன். அழக் கூடாது என்று நினைத்துத்தான் எழுந்தேன், பாதியிலேயே அழுதுவிட்டேன்.

வெற்றிச்செல்வன் முகம் சிவந்துவிட்டது. அஞ்சு வருஷமா எங்களை முட்டாளாக்கியிருக்கீங்க என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அருணா மட்டும் துப்பட்டாவை இழுத்துச் சட்டையிலிருந்த படத்தை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையைக் கட்டி மறைத்துக்கொண்டார்கள்.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. கல்லை இழுத்துப் போட்டு, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கம்பியைக் கையில் எடுத்தார். மாமா சாய்கிற மூட்டையைக் காட்டி, ஃபோனை அதன் மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒட்டுவேலை எதுவும் இல்லாத அந்த வெள்ளிக்கிழமைப் பதிவைப் போட்டேன்.

"ஏழாவது வளைவுல ஒரு பொம்பள கை காட்னா. வெள்ளப் பொடவ. காலப் பாத்தேன், கால் இல்ல" என்றது மாமாவின் குரல். நிறுத்தியது.

"ம்" என்றார் அத்தை.

அறுபது பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஐந்து வருஷமாகக் காதுக்குள் கேட்ட அதே குரல்.

"பேய்தான்னு தெரிஞ்சிபோச்சி. இன்னா பண்றது, ஏறிக்கோம்மான்னேன்."

"ம்."

"ரெண்டு வளைவு தாண்டல. வாயப் பொத்திகினு, அண்ணா, எலுமிச்சம்பழம் கீதான்னுது."

"ம்" என்றார் அத்தை. உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. மாமா அன்றைக்குப் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். கூட்டத்தில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தோம், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பேய் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ரோடு போட்டவனைத் திட்டியது. செத்தும் இந்த ரோடு என்னை விடவில்லையே என்று புலம்பியது. மாமா ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்தார். அத்தை ஒன்றைக்கூட விடவில்லை. கம்பியை மடியில் வைத்துவிட்டார், பதிவில் வருகிற டொக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதை முடிந்தது. மாமா குரல் தாழ்ந்தது.

"தூங்கிட்டியா கிருபா?"

அத்தை ஃபோன் இருந்த மூட்டைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லங்க. முழிச்சிகினுதான் கீறேன். சொல்லுங்க."

பதிவில் டொக். டொக். நான் முதல் தடவை நிறுத்திய இடம் அதுதான், ம் ஒட்டியபோதும் அதைத் தாண்டிப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டி ஃபோனை நிறுத்தப் போனேன். அதற்குள் மாமா பேசினார்.

"சரி" என்றார்.